பாரமுனி

அமுதவல்லி செய்த டிராக்டர், ஒரு சாண் நீளமும் ஒரு டம்ளர் உயரமும் உள்ள டிராக்டர், நிஜ டிராக்டரின் எடைக்கு வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமையன்று கீழமணக்கரையில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. கறிக்கடையில் கூட்டம் இருந்தது, வாய்க்காலில் முறைத்தண்ணீர் வந்துகொண்டிருந்தது, ரேஷன் கடை பூட்டியிருந்தது. அவள் ஜன்னலோரம் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, டிராக்டரையும் அதன் பின்னால் நிற்கிற டிரெய்லரையும் சேர்க்கிற கொக்கியில் கடைசிக் கம்பியைக் குறட்டால் சொருகிவிட்டுக் கையை எடுத்தாள். மேசை நாலு காலையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தது. டிராக்டர் சிவப்புச் சிமெண்டுத் தரையை உடைத்துக்கொண்டு சக்கரம் முழுக்க உள்ளே இறங்கி நின்றது. பக்கத்து வீட்டில் அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் குடங்கள் உருண்டன. அமுதவல்லி குனிந்து அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள், இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள், பிறகு எழுந்து சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, இவ்வளவு கனம் இருந்தால்தான் சரி என்று நினைத்தாள்.

அவள் பல்செட் செய்கிறவள். டவுனில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், மெழுகும் மாக்கல் பொடியும் ஊதுகுழல் நெருப்புமாக இருபத்தைந்து வருஷமாக மற்றவர்களுக்குப் பல் செய்துகொண்டிருந்தாள். கல்யாணம் கூடி வரவில்லை, அவளும் அதைத் தேடிப் போகவில்லை. கீழமணக்கரையில் ஐம்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் கரும்பு கடிப்பதும் கறி மெல்லுவதும் அவள் செய்த பல்லால்தான். ஊரில் அவளுக்குப் பல்செட் அக்கா என்று பெயர். ஆஸ்பத்திரியில் மிஞ்சின மெழுகிலும் உலோகத்திலும் அவள் டிராக்டர் செய்தாள்.

டிராக்டர் ஆசை அவளுடைய தம்பி கலியமூர்த்தியால் வந்தது. கலியன் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தவன். அவன் எந்த முதலாளியிடம் எந்த வண்டி ஓட்டினாலும், அந்த வண்டியை அக்கா பதினாறில் ஒரு பங்காகச் செய்வாள். பிறகு அவன் ஓட்டாத வண்டிகளுக்கும் ஆசை போனது. எங்கேயோ பழைய ஐஷர் டிராக்டர் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் அக்காவும் தம்பியும் பஸ் பிடித்துப் போய் இஞ்சு டேப்பால் அளந்துகொண்டு வருவார்கள். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தோப்பில் கிடந்த ஜீட்டரின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது இறங்குகிறவரைக்கும் இருவரும் மாமரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைத் தின்று முடித்தார்கள். செருப்பு ரப்பரில் டயர், ஊசிக் குழாயில் சைலன்சர், உதிர்ந்த கம்மல் கல்லில் பின்விளக்கு, பெயிண்டு கிடைக்காத நாளில் நகப்பூச்சு. கண்ணாடி அலமாரியில் ஃபோர்டும் மாஸியும் எச்செம்டியும் வரிசையாக நிற்கும். கலியன் சாப்பிட்டுக் கை கழுவினதும் அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, "இதுல கிளட்சு கொஞ்சம் உசரமா இருக்குக்கா" என்பான். அவள் மறுபடி உருக்குவாள்.

கடைசியாக அவன் வேலைக்குப் போனது மில்லுக்காரர் நாகரத்தினத்திடம். நெல் மில்லும் ரோடு காண்டிராக்டும் நூறு ஏக்கர் குத்தகையும் உள்ள மனிதர். அவருடைய நீல டிராக்டரில் நடவு சமயத்தில் பிரேக் இறுகிக்கொண்டு வண்டி நகர மறுத்தது. சரி பண்ண நாள் பிடிக்கும் என்று பிரேக் ராடையே கழற்றிப் போடச் சொன்னார். நடவு முடியட்டும், பார்க்கலாம் என்றார். அன்று ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது கலியன் இதைச் சொன்னான். "வேலைய விட்டுட்டு வாடா" என்றாள் அமுதவல்லி. "நான் விட்டா வேற எவனாச்சும் ஓட்டுவான்க்கா. அவனுக்கு அந்த எறக்கம் பழக்கம் இருக்காது" என்றான்.

எறக்கம் என்றது வாய்க்கால் கரையிலிருந்து மதகுக்கு இறங்குகிற சரிவை. நாற்றுக்கட்டுகளோடு நடவுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அங்கே வந்ததும், ஒரு பெண் இறங்கி ஒரு பனங்கட்டையை வைத்துக்கொண்டு கூடவே ஓடி வருவாள். முன்சக்கரத்துக்குக் கீழே கட்டையைப் போட்டுப் போட்டு வண்டியை இறக்குவார்கள். ஊரே பார்த்தது. மழை பெய்த ஒரு காலையில் கட்டை சேற்றில் வழுக்கிக்கொண்டு போனது. வாய்க்காலில் ஆறு பெண்கள் செத்தார்கள். கலியன் ஸ்டீரிங்குக்கு அடியில் செத்துக் கிடந்தான்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் ஒரு வார்த்தை புறப்பட்டது. குடிச்சிருந்தான். அது மில்லுக்காரர் வாசலில் புறப்பட்டு, டீக்கடையில் ஒரு டீ குடித்து, சலூனில் முகம் பார்த்து, ஸ்டேஷனுக்குப் போய்த் தாளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பனங்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடின பெண்கள் இருந்தார்கள், அதைப் பார்த்த ஆண்கள் இருந்தார்கள், எல்லாருக்கும் மில்லிலோ வயலிலோ ரோட்டு வேலையிலோ நாளைக்கு வேலை இருந்தது. அமுதவல்லி வீடு வீடாகப் போனாள். உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டாள். தெரியாது என்றும் யாரும் சொல்லவில்லை, தெரியும் என்றும் சொல்லவில்லை. அவள் கையால் செய்த பற்கள் அந்த வாய்களுக்குள் வரிசை குலையாமல் மூடிக்கிடந்தன. செத்துப்போன தையல்நாயகியின் புருஷன் சந்திரகாசன் மட்டும் வாயைத் திறந்தான். அவள் வீட்டு வாசலுக்கு வந்து, ஒரு கை மண்ணை வாரி வீசி, "உன் தம்பி என் குடும்பத்தைக் கெடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கப்புறம்தான் அவள் அந்த நீல டிராக்டரைச் செய்ய உட்கார்ந்தாள். வண்டி எப்படி இருந்ததோ அப்படி. ஒரு பக்கம் நசுங்கின மட்காடு, கொக்கியில் ஆணிக்குப் பதில் கட்டிட வேலைக் கம்பி, பிரேக் மிதி இருந்தும் அதோடு சேராமல் விட்டுப்போன இடம். பல்லைக் கடித்துக்கொண்டே செய்தாள், கடித்துக் கடித்து அவளுடைய சொந்தக் கடைவாய்ப் பல்லே ஒன்று விண்டுபோனது. மற்ற வண்டிகளை அவள் ஆசையாகச் செய்தாள். இதை அப்படிச் செய்யவில்லை. அதனால்தானோ என்னவோ, அது அந்த ஞாயிற்றுக்கிழமை தன் எடைக்கு வந்தது.

ஊர் வந்து பார்த்தது. முதலில் பக்கத்து வீட்டார், பிறகு தெருவார், மறுநாள் அடுத்த ஊர்க்காரர்கள். இளவட்டங்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தூக்கிப் பார்த்தார்கள். கடப்பாரை வளைந்தது. ஒரு சாண் வண்டி ஒரு ஆள் பலத்துக்கு அசையவில்லை, நாலு ஆள் பலத்துக்கும் அசையவில்லை. ஏன் இப்படி என்று யாரும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பூசணி பெரிதாகக் காய்த்தால் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசினார்கள். வண்டி எடை மட்டும் இல்லை, டிரெய்லர் எடையும் சேர்த்தி என்றார் ஒருவர். நாத்துக்கட்டு எடையும் இருக்கும், ஈர நாத்து என்றார் இன்னொருவர். அதுக்கு மேலேயும் இருக்கு என்று ஒரு பெண் சொன்னாள், சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுச் சுவரில் விரிசல் ஓடினபோது அதை வெளியே எடுக்க வேண்டி வந்தது. அமுதவல்லி ஒரு நிபந்தனை வைத்தாள். "மில்லுக்காரர் கேட்டுக்கு நேரா வைங்க. அவரு கார் எப்படி வெளிய வருதுன்னு நான் பாக்கணும்."

ஊர்க்காரர்கள் சரி என்று தலையாட்டினார்கள். தலையாட்டிக்கொண்டே ஜேசிபி கொண்டுவந்து, சுவரை இடித்து, வாளியில் அள்ளி, இரும்புக் கை முனக முனகத் தூக்கி, பாதி வழியில் முச்சந்தி வேப்பமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டார்கள். அவள் ஓடி வந்து குறுக்கே நின்றாள். "அவரு வாசல்ல வேணாம்மா, பொதுவுல இருக்கட்டும்" என்றார் அவள் செய்த பல்செட்டைப் போட்டிருந்த ஒரு பெரியவர், அன்பான குரலில். அந்த அன்பை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு கல்லை எடுத்து ஜேசிபி கண்ணாடியில் எறிந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. பாவம், தம்பி போன துக்கம் என்று விலகி வழிவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை டிராக்டருக்கு மஞ்சள் பூசியிருந்தது. யார் பூசினது என்று தெரியவில்லை. அதற்கடுத்த வெள்ளி ஒரு எலுமிச்சம்பழம், அப்புறம் சூடம், அப்புறம் மேலே ஒரு தகரக்கொட்டகை. புது டிராக்டர் வாங்கினவர்கள் வண்டியை அங்கே கொண்டுவந்து பூசை போட்டார்கள். பிள்ளையில்லாதவர்கள் டிரெய்லரில் தொட்டில் துணி கட்டினார்கள். மனசில் பாரம் உள்ளவர்கள் ஒரு சின்னக் கல்லைக் கொண்டுவந்து, உன் பாரத்தோட என் பாரத்தையும் சேர்த்துக்கோ என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள். போகும்போது நடை லேசாகிவிடுகிறது என்று சத்தியம் செய்தார்கள். சாமிக்குப் பாரமுனி என்று பெயர் விழுந்தது. கொட்டகைக்குக் கிரானைட் தரை போட்டுக் கொடுத்தவர் நாகரத்தினம். அவரே பூசாரியையும் வைத்தார். பூசாரி சந்திரகாசன்.

சாமி வந்தால் கதையும் வர வேண்டுமல்லவா. கதை வந்தது. சந்திரகாசன் தட்டில் சூடத்தை ஏந்திக்கொண்டு வெளியூர்க்காரர்களுக்கு அதைச் சொன்னான். ஒரு குடிகார டிரைவர் இருந்தான், அவன் ஆறு பத்தினிப் பெண்களைத் தண்ணீரில் தள்ளினான், அந்தப் பாவத்தின் கனம் பூமியால் தாங்க முடியாமல் வண்டியில் இறங்கிச் சாமியாக நின்றது. குடிக்கிறவன் இங்கே வந்து கயிறு கட்டிக்கொண்டால் அப்புறம் சாராயத்தைத் தொட மாட்டான், தொட்டால் கை தூக்க முடியாமல் கனத்துப்போகும். பஸ் பஸ்ஸாக வந்தார்கள். பெண்கள் தங்கள் புருஷன்மாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். நிஜமாகவே நிறையப் பேர் குடியை விட்டார்கள், அதுதான் அமுதவல்லிக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வாழ்நாளில் கலியன் குடித்தது கல்யாண வீட்டுப் பன்னீர் சோடா மட்டும். அவன் பெயரைச் சொல்லி ஊர் ஊராகக் குடிகாரர்கள் திருந்திக்கொண்டிருந்தார்கள்.

தினமும் காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அவள் கொட்டகைக்குள் நுழைந்து, பல் பிரஷ்ஷால் மஞ்சளைத் தேய்த்து எடுப்பாள். நீல பெயிண்டு தெரிகிறவரைக்கும் தேய்ப்பாள். அவள் பஸ் ஏறினதும் சந்திரகாசன் மறுபடி பூசுவான். இப்படிப் பல மாதம் நடந்தது. ஒருநாள் அவள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் வந்துவிட்டான்.

"விட்டுடு தங்கச்சி. நாலு பேரு கும்பிடுறாங்க."

"கும்பிடுறதுக்கா செஞ்சேன்?"

அவன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "இப்ப எல்லாருக்கும் ஒரு நிம்மதி கெடைக்குது. உனக்கும் ஒரு மரியாதை இருக்கு."

"தையல்நாயகி உங்ககிட்ட சொல்லலையா, அண்ணே?" என்றாள் அமுதவல்லி. "கட்டையத் தூக்கிட்டு ஓடினது அவதானே. வாரம் பூரா ஓடினாளே. கால் வலிக்குதுன்னு ராத்திரி உங்ககிட்ட சொல்லலையா?"

சந்திரகாசன் வேப்பமரத்தைப் பார்த்தான். "சொன்னா" என்றான். "தைலம் தேச்சு விட்டேன்."

"அப்புறம் எப்படி அந்தக் கதையச் சொல்ல வாய் வருது?"

"ரெண்டு பொண்ணு இருக்கு. பெரியவ அவரு மில்லுலதான் நிக்குறா. செத்தவ சொன்னத வெச்சு நான் என்ன பண்ண முடியும், சொல்லு." தட்டில் சூடத்தை வைத்துக்கொண்டே, "முதல் தடவை சொல்றப்ப நாக்கு ஒட்டிக்கிச்சு. இப்ப பழகிடுச்சு" என்றான்.

அவள் பிரஷ்ஷை அவன் தட்டில் போட்டுவிட்டு நடந்தாள். அன்றிலிருந்து தேய்க்கப் போகவில்லை. கோபம் போய்விட்டது என்று ஊர் நினைத்துக்கொண்டது. அது போகவில்லை, தேய்ப்பதில் கொஞ்சம் செலவாகிக்கொண்டிருந்த கோபம் இப்போது முழுசாக வீட்டிலேயே இருந்தது. அவள் உலை மூட்டினால் தீ சீறியது, கதவை மெல்லச் சாத்தினாலும் அறைந்தது, அவள் அந்த மாதங்களில் செய்த பல்செட்டுகளைப் போட்டவர்கள் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக ஆஸ்பத்திரியில் வந்து முறையிட்டார்கள்.

வருஷம் திரும்பினதும் பாரமுனிக்கு வீதியுலா நடத்துவதென்று முடிவானது. தேர் வேண்டியதில்லை, சாமிக்கே சக்கரம் இருக்கிறது, வடம் கட்டி இழுக்கலாம் என்றார்கள். ஆனால் அந்தச் சின்னச் சக்கரத்தின் மேல் அவ்வளவு எடை உருண்டால் ரோடு கத்தி வைத்த மாதிரி பிளந்துகொள்ளும். தெரு ரோடு அப்போதுதான் புதுசாகப் போட்டிருந்தது, போட்டவர் நாகரத்தினம். "ரோட்டுப் பக்கம் வேணாம். வாய்க்கால் கரையோட போயி மதகுல எறங்கித் திரும்பிடலாம், மண்ணுதான, ஒண்ணும் ஆகாது" என்று அவரே வழி சொன்னார். கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அந்த ஊருக்கு ஒரு வருஷப் பழக்கம் ஆகியிருந்தது.

செய்த கைக்கு முதல் மாலை என்று அமுதவல்லியையும் அழைத்தார்கள். அவள் போனாள். புடவைகூட மாற்றாமல், ஆஸ்பத்திரிக்குப் போகிற சேலையிலேயே போனாள்.

காலை வெயிலில் மேளத்தோடு சாமி புறப்பட்டது. கையளவு கனத்தில் வடம், ஐம்பது அறுபது பேர் இழுக்கிறார்கள், மாலைக் குவியலுக்குள் ஒரு சாண் சாமி கண்ணுக்குத் தெரியவேயில்லை. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு ஊரே சேர்ந்து ஒரு பூக்கூடையை இழுக்க மாட்டாமல் இழுப்பதுபோல இருந்திருக்கும். பின்னால் இரண்டு கோடு, கத்தியால் கீறின மாதிரி, சக்கரம் புதைகிற ஆழத்துக்குக் கரை மண்ணில் விழுந்துகொண்டே வந்தது. நாகரத்தினம் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டிக்கொண்டு, சாமிக்கு முதுகு காட்டக் கூடாது என்பதால், சாமியைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வந்தார். பந்தோபஸ்துக்கு ஒரு ஏட்டு வந்திருந்தார்.

சரிவின் தலைப்பில் வடம் தானாக நின்றது. இழுக்கிறவர்கள் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, கைகள் நின்றுவிட்டன. மேளம் இரண்டு அடி தள்ளி ஓய்ந்தது. கீழே மதகு தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது. சந்திரகாசன் தட்டோடு அமுதவல்லியைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் முன்னால் வந்தாள். "வந்த வழியே திரும்பலாம்" என்றாள். "இந்த எறக்கம் வேண்டாம்."

"ஏம்மா வேண்டாம்?" என்றார் நாகரத்தினம், எல்லாருக்கும் கேட்கும்படி. "எறக்கத்துல என்ன இருக்கு? அன்னிக்குக் குடிச்சிருந்தான், கவுத்தான். இன்னிக்கு யாரும் குடிக்கல. வண்டியில என்னா குத்தம் இருந்துச்சு? இழுங்கடா."

அமுதவல்லி அவரிடம் அதற்கு மேல் பேசவில்லை. வடத்தைப் பிடித்திருந்த நடவுப் பெண்களிடம் போனாள். "கயித்த விட்டுட்டு ஓரமா நில்லுங்க" என்றாள். ஒருத்தி விட்டாள். அடுத்தவள் விட்டாள். ஆண்களில் சிலரும் விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் மில்லுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார்கள்.

சாமி தலைப்பைத் தாண்டியது. ஒரு அடி மெதுவாக நகர்ந்தது, இரண்டாம் அடி கொஞ்சம் விரைவாக. முட்டுக்கட்டை போடுகிறவன் கட்டையைப் போட்டான், கட்டை பொரி மாதிரி நொறுங்கியது. இன்னொன்று போட்டான், அதுவும் நொறுங்கியது. வடம் தொய்ந்து பாம்பாக நெளிந்தது. ஒரு வண்டி எடையும், ஈர நாற்று எடையும், ஆறு பெண்களும் ஒரு ஆணும் ஏறின எடையும் ஒரு சாண் உருவத்தில் மாலைகளை உதிர்த்துக்கொண்டு இறங்கி வந்தது. மாலை உதிர உதிர நீலம் தெரிந்தது. பின்பக்கமாக நடந்துகொண்டிருந்த நாகரத்தினம் அதை நேருக்கு நேராகப் பார்த்தார். அந்த ஊரில் வேறு யாருக்கும் அது நேராகத் தெரியவில்லை. நசுங்கின மட்காட்டைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அவருடைய சின்ன மகன் வடத்தைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"டேய் நவுரு" என்று கத்தினார். "நவுருங்கடா எல்லாரும். அதுல பிரேக்கக் கழட்டிட்டோம்டா!"

எல்லாரும் சிதறினார்கள். மகன் புல்லில் உருண்டான். நாகரத்தினத்தின் கால் அவிழ்ந்து விழுந்த பரிவட்டத் துணியில் மாட்டியது, விழப் போனவரைச் சட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டவன் சந்திரகாசன். சாமி அவர்கள் இருவரையும் ஒரு முழம் தள்ளிக் கடந்து, மதகின் கைப்பிடிச் சுவரை உடைத்து, வாய்க்காலில் விழுந்தது. ஆளுயரத்துக்குத் தண்ணீர் எழும்பி, விழுந்து, அடங்கியது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

சந்திரகாசன் அவர் சட்டையை விடவில்லை.

"விடு சந்திரகாசா" என்றார் நாகரத்தினம். "ஒண்ணும் ஆகல."

"என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன். பிரேக் இல்ல, நவுருன்னு சொன்னேன்."

"பிரேக் இல்லன்னு சொல்லல. கழட்டிட்டோம்னு சொன்னீங்க." அவன் குரல் உயரவில்லை. "அந்தப் பொம்மைய நீங்களா செஞ்சீங்க? நீங்க எதுல கழட்டினீங்க?"

நாகரத்தினம் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் அந்த ஒரு வார்த்தையின் வாலைக் கேட்டிருந்தார்கள். டோம் என்கிற அந்த வால், மேளம் ஓய்ந்த பிறகும் தோலில் நிற்கிற அதிர்வுபோல, கரை முழுக்க நின்றுகொண்டிருந்தது. மகன் எழுந்து நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தையல்நாயகிதான் கட்டையத் தூக்கிட்டு ஓடுவா" என்றாள் ஒரு பெண். "அதுக்கு முன்னாடி நான் ஓடினேன்" என்றாள் இன்னொருத்தி. "ராடு மில்லுக் கொட்டாய்ல கெடக்கு, நான்தான் எடுத்து வெச்சேன்" என்றான் ஒருவன். பெரியவர் ஒருவர், முச்சந்தியில் அன்பாகப் பேசினவர், கலியமூர்த்தி ஒரு சொட்டுக்கூடக் குடிச்சதில்ல, எனக்குத் தெரியும் என்றார். எனக்கும் தெரியும். எனக்கும். மடை திறந்த மாதிரி வந்தது. அமுதவல்லி கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு வருஷமாக இந்தச் சொற்களுக்காக அவள் வாசல் வாசலாக நின்றிருந்தாள். இப்போது அவை கூட்டமாக வந்து காலில் விழுந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆறுதல் வரவில்லை, ஒவ்வொரு வாயாகப் பிடித்து அந்தப் பல்லை உருவிவிட வேண்டும் போலத்தான் வந்தது.

"ஏட்டய்யா, எழுதிக்குங்க" என்றான் சந்திரகாசன்.

"இங்க எப்படி எழுதுறது. ஸ்டேஷனுக்கு வாங்க" என்றார் ஏட்டு.

பெண்கள் அமுதவல்லியிடம் வந்தார்கள். "வாக்கா, நாங்க சொல்றோம்" என்றார்கள்.

"அவன் உடம்பு கூடத்துல கெடந்தப்ப சொல்லியிருக்கணும்" என்றாள் அவள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் அவர்களைத் தேற்றவில்லை. செருப்பில் ஒட்டின சேற்றைக் கல்லில் தேய்த்துவிட்டு, அவர்களுக்கு முன்னால் நடந்தாள்.

கேஸ் திரும்ப எழுதப்பட்டது. குடிச்சிருந்தான் என்ற வார்த்தை ஏறின இடத்திலிருந்து இறங்கிப் போனது. நாகரத்தினம் கொஞ்ச நாள் உள்ளே இருந்தார், ஜாமீனில் வந்தார், வாய்தாவுக்கு வாய்தா வெள்ளை வேட்டியில் போய் வருகிறார். இன்னும் தீரவில்லை. சந்திரகாசன் பூசாரி வேலையை விட்டான். மகள் மில்லிலிருந்து நின்றுவிட்டாள். வாய்க்காலில் சாமியைத் தேடினார்கள், சேறு அதை எவ்வளவு ஆழத்துக்கு விழுங்கியதென்று தெரியவில்லை. வெறும் கொட்டகைக்குக் கொஞ்ச நாள் கயிறு கட்ட வந்தவர்கள் பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த நடவுக்கு வேறொருவர் டிராக்டர் வந்தது, வேறொரு டிரைவர். நாற்றுக்கட்டுகளை ஏற்றின பெண்கள் தாங்கள் ஏறவில்லை. வண்டிக்கு முன்னால் அரைவட்டமாக நின்றார்கள். அவர்களில் மூத்தவள், "மிதி" என்றாள். டிரைவருக்குப் புரியவில்லை. "வண்டிய உருட்டிட்டு மிதி. நாங்க பாக்கணும்." அவன் சிரித்தான், அவர்கள் சிரிக்கவில்லை. அவன் உருட்டி, மிதித்தான். சக்கரம் கட்டிப்போட்ட மாதிரி நின்றது. ஏறினார்கள். மறுநாளும் கேட்டார்கள். அதற்கடுத்த நாளும். பிறகு அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த வட்டாரத்தில் இப்போது விடிந்ததும் காக்கைச் சத்தத்தோடு அந்தச் சொல்லும் கேட்கும்.

அமுதவல்லி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்திலிருந்து, நடவு வண்டி புறப்படுகிற முச்சந்தி தெரியும். அவள் தினமும் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். ஒருநாள் மழை வருகிற மாதிரி இருந்தது. பெண்கள் அவசர அவசரமாக ஏறிக்கொண்டிருந்தார்கள், டிரைவர் என்ஜினை முடுக்கிவிட்டான், யாரும் அதைச் சொல்லவில்லை. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்தார். படியில் வைத்த காலை அவள் எடுத்தாள். ரோட்டைக் கடந்து, டிராக்டரின் முகத்துக்கு முன்னால் போய், இரண்டு கையையும் பானட்டில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"நேரமாச்சும்மா" என்றான் டிரைவர்.

அவள் நகரவில்லை. மேலே உட்கார்ந்திருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள்.

"மிதி" என்றாள்.